சின்னராசா அண்ணையின் காதச்சு

அன்று காலை ஒழுங்கைக்குள் ஒரு ஓட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. அது சின்னராசா அண்ணையின் குழாய் என்று சத்தத்திலேயே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் அந்தக் குழாயில், அவருடைய குரலில்தான் கேட்போம். இந்த முறை குரல் வேறு. சத்தம் பெரிதாக வந்தது. சொல் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. படலையடியில் நின்ற மீன்காரனிடம், "ஆரடா தம்பி?" என்று கேட்டேன். "குழாய்க்காரர்தான் ஐயா," என்றான்.

இணுவிலிலும் கொக்குவிலிலும் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் நாற்பது வருஷம் குழாய் கட்டியவர். கடைசியில் அந்தச் சத்தமே அவருடைய காதைத் தின்றுவிட்டது. நான் சும்மா விடுவேனா?

"அண்ணை, ஊரையெல்லாம் செவிடாக்கினியள். முருகன் கணக்குத் தீர்த்துப்போட்டான்."

என் வாயசைவைப் பார்த்தே மறுமொழி வந்தது: "உன்னை மட்டும் நான் செவிடாக்கேல்லையடா. நீ பிறக்கேக்கையே ஆர் சொல்லியும் கேளாதவன்."

பகிடி கொஞ்சக் காலம் நின்றது, அவருடைய மனைவி பூமணி அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தபோது. கை கால் ஓரளவு தேறின. குரல் மட்டும் நூல் மாதிரி மெலிந்துபோயிற்று. அவவால் சத்தமாகக் கதைக்க முடியாது. இவருக்குச் சத்தம் இல்லாவிட்டால் கேட்காது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரையில் நின்றார்கள்.

அண்ணை முதலில் தன் தொழில் புத்தியால்தான் யோசித்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவனிடம், சத்தத்தைக் கூட்டித் தருகிற ஒரு சின்ன மெசின் காசு கொடுத்து வேண்டினார். முழுதாகத் திருகிவிட்டுக் காதில் வைத்தார். காகம் கத்தியது, கோப்பை விழுந்தது, தேங்காய் துருவியது எல்லாம் ரயில் போலக் கேட்டதாம். அக்காவின் குரல் மட்டும் அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ அமிழ்ந்துபோயிற்று.

பிறகுதான் யாழ்ப்பாணம் ரவுணில் காது சோதிக்கிற இடத்துக்குப் போனோம். நானும் துணைக்கு. அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளை காதைச் சோதித்துவிட்டு முதலில் கேட்டது, "ஆரின்ரை குரல் உங்களுக்குக் கட்டாயம் கேக்கவேணும், ஐயா?" என்றுதான். அண்ணை சுவரைப் பார்த்தபடி, "இவளின்ரை," என்றார். அக்கா வீட்டில் இருந்தா. ஆனாலும் பக்கத்தில் நிற்கிறவவைச் சொல்வது போலத்தான் சொன்னார். "அப்ப அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றது பிள்ளை.

அடுத்த முறை அக்காவை முன்னால் இருத்திக் கதைக்கச் சொல்லி, ஒவ்வொரு மெசினாக வைத்துப் பார்த்தார்கள். காதுக்குள் ஒளிந்துகொள்கிற சின்னது அவருடைய காதுக்குப் போதாது என்றது பிள்ளை. காதுக்குப் பின்னால் கொழுவுகிறதுதான் சரியாம். வெளியில் தெரியுமே என்றேன் நான். "தெரியட்டுமன். ஒளிக்கிறதுக்கு நான் என்ன களவோ எடுத்தனான்?" என்றார்.

"கூட்டு பிள்ளை, இன்னும் கூட்டு."

"கூட்டினால் சத்தம்தான் கூடும் ஐயா. சொல்லுத் தெளியாது."

அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, "நாற்பது வருஷம் குழாய் கட்டின எனக்கு இது தெரியாமல் போச்சே. சத்தம் வேறை, சொல்லு வேறை," என்றார். அதன் பிறகு ஊரில் எல்லாரும் அவர் வாயிலிருந்து இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளை ஏதோ குறைத்து, ஏதோ ஏற்றி, "இப்ப கதையுங்கோ அம்மா," என்றது. அக்கா சொன்னது, பிறகு அண்ணை வாயால்தான் எனக்குத் தெரியும்: "பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள். விடியத் துவக்கம் சொல்லுறன்."

அண்ணை குனிந்து சட்டையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பப் பூட்டினார். முடியும்வரை தலை நிமிரவில்லை. பஸ்ஸில் வரும்போதே அந்தப் பொத்தானைக் கண்டு, ஒரு நல்ல பகிடியாக்க நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

வேண்டினவுடன் எல்லாம் விளங்கிவிடாது என்று பிள்ளை சொல்லி அனுப்பியது. தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழகவேண்டும். அக்கா பேப்பர் வாசிப்பா; இவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லுவார். அவவின் நாக்குக்கும் பயிற்சி, இவரின் காதுக்கும் பயிற்சி. ஊரையே அதிரவைத்த மனிசன் ஒரு நூல் குரலுக்கு முன்னால் அப்படிக் குந்தியிருந்தார். தேரிலே சாமி வரும்போதுகூட நான் அவ்வளவு பணிவாக நின்றதில்லை.

பொழுதுபட்டால் மெசினுக்குப் பூசை. காய்ந்த துணியால் துடைப்பார். அவருடைய காதின் வடிவத்திலேயே செய்து, காதுக்குள் வைக்கிற அச்சைக் கழற்றி, குட்டித் தூரிகையால் காதுக் குறும்பியை எடுத்து, அச்சை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பார். மெசினில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டார். பற்றரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சுகிற மணி போட்ட டப்பாவுக்குள் வைப்பார். மறந்துபோய் மெசினோடு குளித்துவிடக்கூடாது என்று, கிணற்று வாளியில் சிவப்பு ரிபன் கட்டியிருந்தார்.

"கிணத்துக்கு என்ன, பெரியபிள்ளையான சாமத்தியவீடோ?" என்றேன்.

"ஓமடா. உனக்குத்தான் சம்பந்தம் கேட்டு வந்திருக்கினம்."

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு, மெசினோடு அந்த டப்பாவைக் கையில் வைத்தா. ஏதோ சொன்னா. எனக்குக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவ என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாளும் நான் ஆட்டியதெல்லாம் வெறும் தலை என்று அவவுக்குத் தெரிந்துவிட்டதென விளங்கியது. அந்தக் குரலைக் கேட்க இனி அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அடுத்த பஸ்ஸில் ரவுணுக்குப் போனேன். பிள்ளை என் காதைச் சோதித்து, மெசினை எனக்கேற்ற மாதிரி மாற்றி, புது அச்சும் செய்து தந்தது. பழையதைக் கழற்றி, "இது அந்த ஐயாவின்ரை காதுக்கு மட்டும்தான் பொருந்தும். எறியட்டோ?" என்று கேட்டது. "தா இஞ்சை," என்றேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவருடைய காதின் ஒவ்வொரு வளைவும் அப்படியே இருந்தது. என்னுடைய நக்கல் அவ்வளவும் நுழைந்து போன வழி.

இப்போது பின்னேரங்களில் அக்கா பேப்பர் வாசிக்கிறா. நான் திருப்பிச் சொல்கிறேன். நேற்று வேண்டுமென்றே ஒரு வரியைத் தலைகீழாகச் சொன்னேன்.

"எடே விசரா," என்றா அக்கா.

நல்ல தெளிவாகக் கேட்டது. அண்ணையின் காது என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை நான் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.