வருந்துகிறோம் சார்

அறிவிப்பாளர் பெண் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வருகிறார். தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிற மனிதர் நடையை நிறுத்தாமலே, "அது மூணு நாப்பத்திரெண்டு. தாராளமா போடலாம், அனுமதிக் கடிதம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். மூன்று நிமிடம், நாற்பத்திரண்டு வினாடி என்று பொருள். அந்தப் பாட்டு நன்றாக இருக்குமா என்று கேட்டால் தலையைச் சொறிவார். நீளம் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

வானொலி நிலையத்தில் சினிமாப் பாட்டுகளுக்கு ஒலிபரப்பு அனுமதி வாங்குவது அவர் வேலை. காற்றோடு போகிற பாட்டுதானே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் சொந்தக்காரர் உண்டு, அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது. பெரிய நிறுவனங்களின் பாட்டுகள் வருடத்துக்கொரு ஒப்பந்தத்தில் மொத்தமாக வந்துவிடும். மூடிப்போன கம்பெனிகளின் பாட்டுகள்தான் அவர் உயிரை வாங்கும். அவற்றையெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒலிபரப்பான பாட்டுகளுக்கு வேறொரு நோட்டு: தேதி, நேரம், நீளம். அதற்காகவே கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருப்பார். அதெல்லாம் இப்போது கணினியே குறித்துவிடுகிறதே என்றால், "அது சொல்லட்டும், நானும் சொல்றேன். ரெண்டு சாட்சி இருக்கட்டுமே" என்பார். இருபது வருடமாகப் பாட்டுகளுக்கு நடுவே இருக்கிறார். கடிகார முள்ளைப் பார்க்காமல் ஒரு பாட்டையாவது கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நேயர்கள் கேட்கும் பாட்டுக்கு அனுமதி இல்லையென்றால், பதில் எழுத வேண்டியவரும் அவர்தான். எல்லாக் கடிதமும் 'வருந்துகிறோம்' என்றே தொடங்கும். நிலையத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வாசல் காவலர்கூட, "வருந்துகிறோம் சார் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். இவரும் கோபித்துக்கொள்ளாமல், "வந்தாச்சுப்பா" என்பார்.

கறார் என்றால் அப்படியொரு கறார். ஒருநாள் நிகழ்ச்சியில் மூன்று நிமிடம் காலியாகிவிட, அறிவிப்பாளர் நீல நோட்டுப் பாட்டு ஒன்றைக் காட்டிக் கெஞ்சினார். "ஒரு தடவதான் சார். யாரு கேக்கப் போறா?"

"நாலு பேர் கேக்கணும்னுதானேம்மா ரேடியோ வச்சிருக்கோம்" என்று நோட்டை மூடிவிட்டார்.

இந்தக் கறார்தான் அவருக்குக் கல்யாணத்தையும் செய்துவைத்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு பாட்டுக் கேட்டிருந்த பெண்ணுக்கு அவர் தம் முதல் வருத்தத்தை எழுதினார். மறுநாள் அந்தப் பெண் கடிதத்தோடு நேரில் வந்து நின்றார். "இவ்வளவு மரியாதையா இல்லைன்னு சொல்ற ஆளு யாருன்னு பாக்க வந்தேன்" என்று ஆரம்பித்த சண்டை, வாரா வாரம் வளர்ந்து கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது. வீட்டுக்காரம்மா ஆன பிறகும் அவர் விடவில்லை. கல்யாண நாள் நெருங்கும்போது அதே பாட்டைக் கேட்டு நிலையத்துக்குக் கடிதம் போடுவார். இவர் அலுவலகத்தில் உட்கார்ந்து 'வருந்துகிறோம்' எழுதித் தபாலில் சேர்ப்பார். இரண்டு நாள் கழித்து அது இவர் வீட்டுக்கே வரும். வீட்டுக்காரம்மா பிரித்துப் படித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். பத்தொன்பது வருடம், பத்தொன்பது கடிதம்.

கைப்பேசியில் தட்டினால் வருகிற பாட்டுதானே என்று ஒருமுறை கேட்டபோது அந்த அம்மா சொன்னார்: "நானே போட்டு நானே கேக்கறதுல என்ன இருக்கு? எனக்காகன்னு ஒருத்தர் போடணும். அதுவும் அந்த மனுஷன் கையால வரணும்."

அந்த மனுஷன் சும்மா இருந்துவிடவில்லை. பாட்டுக்குச் சொந்தமான கம்பெனி ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியது. விலாசத்தைத் தேடிப் போனால் அங்கே பல் ஆஸ்பத்திரி. எல்லாரும் போய் டாக்டரிடம் வாயைத் திறப்பார்கள். இவர் போய் டாக்டரின் வாயைத் திறக்க வைத்து, கட்டிடத்தின் பழைய சொந்தக்காரரைப் பிடித்து, அவர் வழியாகப் படமெடுத்தவரின் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். அதற்கே பல வருடமாயிற்று. அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். தங்கைக்கு லாண்டரிக் கடை. பாட்டு இருவருக்கும் பொது. ஆனால் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"கையெழுத்துதானே, போடறேன். மேல என் பேரு, கீழ அவ பேரு. மூத்தவன் நான் இருக்கேன்ல?" என்றார் அண்ணன்.

"எங்கப்பா போனப்ப பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போட்டாங்களே, அதுல அண்ணி பேருக்கும் கீழ என் பேரு. இன்னொரு தடவ கீழ போக மாட்டேன் சார். எப்ப வேணா வாங்க, டீ தரேன். கையெழுத்த மட்டும் கேக்காதீங்க" என்றார் தங்கை.

கல்லில் நார் உரிக்கிற வேலை. இவரும் உரித்தார். பதினான்கு மாதம், ஞாயிறு தவறாமல், இந்த வாசலில் ஒரு டீ, அந்த வாசலில் ஒரு டீ. அப்படி ஒருநாள் லாண்டரியில் உட்கார்ந்திருந்தபோது, துணி கொடுக்க வந்தவருக்குத் தங்கை இரண்டு சீட்டு எழுதினார். ஒன்றை வந்தவரிடம் கொடுத்தார், ஒன்றை ஆணியில் குத்தினார். இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டு ஒப்பந்தங்களோடு வந்தார். "ரெண்டுமே அசல்மா. ஒண்ணுல நீங்க மேல, ஒண்ணுல அவர் மேல. உங்க பேரு மேல இருக்கறத நீங்க வச்சுக்கங்க, மத்தத அவர் வச்சுக்கட்டும். எங்களுக்கு நகல் போதும்."

"அண்ணன் தாள்ல நான் கீழதானே போடணும்?"

இவர் தம் உள்ளங்கையை விரித்து, தாளில் அண்ணன் பெயர் இருந்த இடத்தை மூடிக்கொண்டார். "இப்பப் பாருங்க. யாரும் மேல இல்ல."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே போட்டார். போட்டுவிட்டு, தம் கையாலேயே இரண்டிலும் 'ஒரே ஒரு முறை மட்டும்' என்று எழுதினார். "மொதல்ல கேக்கறேன். அப்புறம் பாக்கலாம்." அண்ணன் அதைப் படித்துவிட்டு, "அவளுக்கு ஒரு தடவன்னா எனக்கும் ஒரு தடவதான்" என்று போட்டுக் கொடுத்தார்.

நிலையத்துத் தபால் தட்டில் இந்த வருடக் கடிதம், இருபதாவது கடிதம், காத்திருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரம்மாவுக்கு வியாழன் விடுமுறை. வியாழன் மாலை நாலு பத்துக்குப் போடும்படி அறிவிப்பாளரிடம் இவர் கேட்டுக்கொண்டார். உத்தியோகத்தில் அவர் காட்டிய ஒரே சலுகை அதுதான். பிறகு பதில் எழுத உட்கார்ந்தார். 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற ஒரு வரி வர அரைமணி நேரம் பிடித்தது. கை பழகவில்லை, பாவம். திங்களன்று தபாலில் சேர்த்தார்.

"வீட்ல வாயால சொல்லிட வேண்டியதுதானே சார்?" என்றார் அறிவிப்பாளர்.

"மத்த நேயர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் போயா சொல்றோம்?"

செவ்வாய் கடிதம் வரவில்லை. புதனும் வரவில்லை. புதன் மாலை வீட்டுக்காரம்மா, "நாளைக்கு மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போறேங்க. பொழுது சாஞ்சுதான் வருவேன்" என்றார்.

"இன்னொரு நாள் போகலாமே. மழை வர்ற மாதிரி இருக்கு."

அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். போனால் வராத பாட்டு. இவருக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. நேர்மையாக இருப்பதில் இவ்வளவு அவஸ்தை இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வியாழன் அரைநாள் விடுப்பு எடுத்து, வீட்டுக் கேட்டருகே நின்றார். உள்ளே வீட்டுக்காரம்மா புறப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டரைக்குத் தபால்காரர் வந்தார். "இந்தாங்க சார், ரேடியோவுலேருந்து. எப்பவும் வருமே" என்றார். இவர் கை நீட்டவில்லை. "அவங்க பேருக்குத்தானே வந்திருக்கு? அவங்ககிட்டயே குடுங்க."

வாசலுக்கு வந்த வீட்டுக்காரம்மா உறையைப் பார்த்துச் சலித்துக்கொண்டே பிரித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தார். உள்ளே போய் ரேடியோவைத் துடைத்தார்.

நாலு பத்துக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பாளர் அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார், இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் என்றும் சொன்னார். பாட்டு தொடங்கியது. தொடங்கியதுமே இவருடைய இடது கை தானாகத் திரும்பியது. கண் போய் முள்ளின் மேல் உட்கார்ந்தது.

வீட்டுக்காரம்மா ரேடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, உள்ளங்கையால் அந்தக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.