நெய்வேலியில் இரண்டு சமையலறைகள்

காலை 8.10. நெய்வேலி ஆர்ச் கேட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, மரங்களுக்கு மேலே அனல்மின் நிலையத்தின் கோபுரங்களிலிருந்து எழும்பிய வெள்ளை நீராவி. காற்று இல்லை, அது நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. என் மனைவி கலா அதைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, உள்ளே டப்பா இருக்கிறதா என்று நான்காவது முறையாகப் பார்த்தாள்.

டப்பாவில் மாத்திரைகளும் ஓர் அவசர ஊசியும் இருந்தன. எட்டு மாதங்களுக்கு முன், ஒரு கல்யாணப் பந்தியில் முந்திரிப் பக்கோடா தின்ற பத்தாவது நிமிடம் அவளுக்குத் தொண்டை அடைத்தது. நாற்பத்து மூன்று வயது வரை தின்ற முந்திரி அன்றிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இனி ஒரு துணுக்கும் கூடாது என்றார் மருத்துவர்.

அதுவரை மாதத்தில் ஒரு நாள், அதற்குமுன் சாப்பிட்டிராத ஊர் ஒன்றுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவது எங்கள் வழக்கம். ஒரு வாய் மென்றதும் கலா நிறுத்துவாள். "கல்பாசி", "வறுத்த கசகசா" என்று உள்ளே இருப்பதைச் சொல்வாள். நான் குறித்துக்கொள்வேன். அடுத்த வாரம் அது எங்கள் வீட்டில் வேகும். எட்டு மாதங்களாக நாங்கள் எங்கும் போகவில்லை.

எங்கள் ஊரான விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கட்டணம் ஆளுக்கு ஐம்பது ரூபாய். முத்தாண்டிக்குப்பம் அருகே சாலையின் இரு பக்கமும் முந்திரித் தோப்பு.

"வேற ஊரே கெடைக்கலியா உங்களுக்கு?" என்றாள் கலா.

ஊரைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். அவளுடைய கல்லூரித் தோழி ஜெசிந்தா இங்கே குவார்ட்டர்சில் இருக்கிறாள். காலையில் கடையில் டிபன், மதியம் ஜெசிந்தா வீடு என்பது திட்டம். "இன்னிக்கு ஒத்துவரலன்னா இதோட விட்டுடலாங்க. எனக்குப் பயந்து பயந்து திங்க முடியல" என்று பேருந்திலேயே சொல்லிவிட்டாள்.

8.40. கடைவீதியில் ஒரு மெஸ். எட்டு மேசைகள். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றுகொண்டே தின்றார்கள். கல்லாவில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். நான் கேட்க ஆரம்பித்தேன். சட்னியில் என்ன அரைக்கிறீர்கள், பொங்கல் கரண்டியை வேறெதிலாவது போடுவீர்களா, எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஒன்றா, வேறு வேறா.

"இன்னாங்க, செக் பண்ற ஆபீசரா? சொல்லிட்டு வந்திருந்தா நல்ல சட்டையாவது போட்டுகினு வந்திருப்பேனே" என்றார். பக்கத்து மேசை சிரித்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"அம்மா, நீங்க உள்ள வாங்க. உங்க கண்ணால பாத்துகினு சாப்பிடுங்க. பொங்கல் பக்கம் போவாதீங்க, அதுல முந்திரி கெடக்குது. இட்லிக்குப் பயம் இல்ல. சட்னி, தேங்காயும் பொட்டுக்கடலையும். தோசைக்கல்ல கழுவச் சொல்றேன்."

கல்லைக் கழுவ நான்கு நிமிடம் ஆனது. பின்னால் நின்றவர் வாட்சைப் பார்த்தார். நான்கு இட்லி, ஒரு வெங்காய தோசை, இரண்டு காபி: நூற்று முப்பது ரூபாய். கலா சாப்பிட்டாள். அரை மணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை.

"பெருங்காயம் கட்டிப் பெருங்காயம்" என்றாள் கடைசியில். எட்டு மாதங்களில் நான் குறித்த முதல் வரி அதுதான்.

மதியம் 1.15. குவார்ட்டர்ஸ் மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். வாசலில் பலா மரம், ஓட்டுக்கூரை, ஜன்னல் விளிம்பில் மெல்லிய சாம்பல் படலம். ஜெசிந்தா கலாவைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்கண்ணா. நெய்ச்சோறு, கோழிக் குருமா, பாயாசம். எதுலயும் முந்திரி இல்ல. இருந்த பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்கே குடுத்துட்டேன். நிம்மதியா உக்காருங்க."

அவள் கணவர் சேவியர் சுரங்கத்தில் பெர்மனன்ட் ஊழியர்; அன்று முதல் ஷிப்ட். பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர் வர மூன்று மணி ஆகும் என்று எங்களை முதலில் உட்கார வைத்தாள். மெஸ்ஸில் நான் பதினொரு கேள்விகள் கேட்டிருந்தேன். இங்கே, காலை ஆறு மணியிலிருந்து அடுப்படியில் நின்றவளிடம், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன்.

2.20. கலா குருமாவில் இரண்டாவது வாய் எடுத்தாள். மென்றாள், நிறுத்தினாள். ஆனால் எதையும் சொல்லவில்லை. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள், விழுங்கினாள்.

அதே நேரம் சேவியர் உள்ளே வந்தார். "வாங்க சார், வாங்க கலா" என்று தண்ணீருக்காகப் பிரிட்ஜைத் திறந்தார். "ஜெசி, ஞாயித்துக்கெழம அரைச்ச மசாலா அதுக்குள்ள காலியா? இன்னிக்கு செம கெட்டிக் குருமாதான்!"

ஜெசிந்தாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

ஷிப்ட் மாறிமாறி வரும் வீடு அது. வாரம் ஒரு முறை தேங்காய், கசகசாவோடு உடைந்த முந்திரியையும் சேர்த்து அரைத்து டப்பாவில் உறைய வைத்துவிடுவாள். குழம்பு கொதிக்கும்போது இரண்டு கரண்டி போட்டால் போதும். பாக்கெட்டை ஞாபகமாகக் கொடுத்தனுப்பியவள் பழக்கத்தில் டப்பாவை எடுத்துவிட்டாள்.

"கலா, துப்புடீ!" என்றாள் ஜெசிந்தா.

2.24. கலா வாய் கொப்பளித்து மாத்திரை போட்டாள். 2.29. உதடு அரித்தது, இடது முன்கையில் தடிப்புகள். ஊசியை எடுத்தேன். நர்ஸ் என்னை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கியிருந்தார், தொடை வேறு. "குத்துங்க, பாத்துக்கினு நிக்காதீங்க" என்றாள் கலா. குத்தினேன். சேவியர் அழுக்குச் சீருடையோடு காரை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஆறு நிமிடம். வழியெல்லாம் அவளைப் பேசவைத்துக்கொண்டே போனேன். குரல் மாறுகிறதா என்று கேட்பதற்காக.

"மொத வாய்லயே தெரிஞ்சிதா?"

"ரெண்டாவதுல."

"ஏன் துப்பல?"

"நீங்க ஏன் கேக்கல?"

மருத்துவர் இன்னொரு மருந்து ஏற்றி, மூன்று மணி நேரம் படுக்க வைத்தார். 5.50க்கு விட்டார். எதுவும் சாப்பிடலாமா என்று கலாவே கேட்டாள். லேசாக, என்றார்.

ஜெசிந்தா வீட்டுக்குத் திரும்பியபோது குருமாச் சட்டி காலியாகப் பின்வாசலில் கவிழ்ந்திருந்தது. மிக்ஸி ஜார்கள், கரண்டிகள் எல்லாம் கழுவி வரிசையாகக் காய்ந்தன. ஜெசிந்தாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"என் வீட்ல இனிமே நீ பச்சத்தண்ணி குடிக்க வேணாம்டீ. நானே உன்னக் கொல்ல இருந்தேன்."

"அழுதது போதும். பசிக்குது. அரிசி எங்க வெச்சிருக்க?" என்று கலா அடுப்படிக்குள் போனாள்.

ஜெசிந்தா வாசலிலேயே நின்றாள். பிறகு, "எனக்குக் கையே வரல. அண்ணா, நீங்க கேளுங்க. ஒவ்வொண்ணா கேளுங்க" என்றாள்.

கேட்டேன். இந்தக் கரண்டி? "பால் காய்ச்சறது." எண்ணெய்? "புது பாக்கெட், இப்பத்தான் வெட்டினேன்." மிளகு? "முழு மிளகு, இடிச்சது இல்ல." அவள் சாட்சிக் கூண்டில் நிற்பவளைப் போலப் பதில் சொன்னாள். "விடுங்க சார், அடுத்து என்னோட ஆதார் கார்டு கேப்பீங்க போல" என்றார் சேவியர். கலா மட்டும் சிரித்தாள்.

சோறு, மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். 6.40க்கு இலை போட்டார்கள். கலா முதல் வாயை எடுத்தபோது மூன்று பேரும் அவளையே பார்த்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை.

விழுப்புரம் பேருந்து 7.30க்கு. கலா இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.