மூண்டு பெட்டியும் ஒரு ராசாவும்

ரிக்கெற் ஜன்னலுக்குப் பின்னால இருக்கிறவளுக்கு நாடகத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். ஆர் ஆரோட வந்தவர், ஆர் இடைவேளையோட கழண்டவர், எந்தக் கதிரையில ஆருக்கு முதுகு நோகும், எல்லாம் கேளுங்கோ, சொல்லுவன். கடையிலயோ கந்தோரிலயோ கவுண்டருக்குப் பின்னால நிண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நொந்த ஆளா நீங்கள்? அப்ப வாங்கோ, பக்கத்தில இருங்கோ. இது எங்கட கதை.

ரெண்டாயிரமாம் ஆண்டுகளின்ர நடுப்பகுதி, பிரெஞ்சுக்காரர் கூடின எங்கட நகரம். கிழமை நாளில சென்ட் லோரன்டில ஒரு மருந்துக் கொம்பனியில எனக்குப் பெட்டி அடைக்கிற வேலை. ஞாயிறு மத்தியானம் டவுன்ரவுனில ஒரு சின்ன இங்கிலிஷ் தியேட்டரில ரிக்கெற் விக்கிற வேலை. அங்க நெறியாளர் ஹெலன் எண்ட மனிசி. ஐந்நூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்து நாடகங்களில அவவுக்கு ஒரு விசர். எதை மேடையேத்துறது எண்டு சனமே தீர்மானிக்கட்டும் எண்டு மாசி மாசம் மூண்டு ஞாயிறு தேர்தல் வைப்பா. ஒவ்வொரு ஞாயிறும் மூண்டு நாடகத்திலயும் இருவது இருவது நிமிசம் நடிகர்மார் தாளைப் பாத்து வாசிப்பினம். சனம் கேட்டிட்டு, கிழிச்ச அரை ரிக்கெற்றைத் தனக்குப் பிடிச்ச நாடகத்தின்ர பெட்டியில போடும். வெண்டது ஐப்பசியில மேடையேறும். மூண்டு வருசம் தொடர்ந்து தோத்ததைப் பட்டியலில இருந்தே தூக்கிப்போடுவினம். பெட்டிக்குக் காவல் நான்தான்.

ஓமா இல்லையா

முதல் ஞாயிறு ஒரு பிரெஞ்சுக்காரர் மனிசியோட வந்தார். இங்கிலிஷ் கதைக்கிற மருமகன் ரிக்கெற் வாங்கிக் குடுத்து அனுப்பினவராம். வாசிப்பு முடிஞ்சு வெளியில வந்தவர், பெட்டிகளைப் பாத்தபடி அப்பிடியே நிண்டிட்டார். பின்னால வரிசை நீளுது. "மெஸியே, ஏதும் உதவி வேணுமா?" எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைப் பிரெஞ்சில கேட்டன். இதில எது ஓம், எது இல்லை எண்டு கேட்டார், பத்து வருசத்துக்கு முந்தி இந்த மாகாணம் தனிநாடாப் பிரியிறதோ எண்டு நடந்த வாக்கெடுப்பு மாதிரி. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை, மூண்டு நாடகத்துக்கு மூண்டு பெட்டி எண்டு விளங்கப்படுத்தினன். மனிசன் மனிசியைத் திரும்பிப் பாத்திட்டுப் பெரிய மூச்சு விட்டார். "மூண்டு பெட்டியா, மடாம்? ஓம், இல்லை எண்ட ரெண்டு பெட்டிக்கே எங்கட வீட்டில இன்னும் சண்டை முடியேல்லை!"

பஸ்ஸுக்கு வோட்டுப் போட்டவர்

அண்டைக்கே இன்னொரு கூத்து. ஒரு வயசான ஆள் வோட்டுப் போட்டிட்டுச் சந்தோசமாப் போனார். பத்து நிமிசத்தில தொப்பி முழுக்க வெள்ளைப் பனிச் சினோவோட திரும்பி வந்து நிக்கிறார். பஸ்காரன் ஏத்தமாட்டன் எண்டிட்டானாம். கையில பாத்தால் எங்கட அரை ரிக்கெற். மெற்றோ ரெயிலில இருந்து பஸ்ஸுக்கு மாற எடுத்த சீட்டைத்தான் மனிசன் பெட்டிக்குள்ள போட்டிருக்கிறார்!

சீல் வைச்ச பெட்டி, மூண்டாம் ஞாயிறுதான் திறக்கலாம். என்ர கைப்பையில இருந்து ஒரு பஸ் ரிக்கெற்றை எடுத்துக் குடுத்து, அரை ரிக்கெற்றைப் பெட்டியில போடச் சொன்னன். போடமுதல் கையை நிப்பாட்டி ஒருக்கா யோசிச்சார். "பிள்ளை, இந்தக் குளிருக்குள்ள போய் வந்ததில என்ர மனம் மாறிப்போச்சு. இப்ப வேற பெட்டியில போடலாமோ?"

ஏணியில நிண்ட ராசா

இனித்தான் விசயம். மூண்டு நாடகத்தில ஒண்டு, ஒரு மாவரைக்கிறவன்ர வாய்க்காரப் பெண்சாதியின்ர கதை. ஒண்டு, பொறுமையும் அடக்கமும் ஆள் வடிவத்தில வந்து புத்தி சொல்லுற கதை. மற்றது, சாகக்கிடக்கிற ராசா சாத்தானோட பேரம் பேசுற கதை. ராசா நாடகம் அதுக்கு முந்தின ரெண்டு வருசமும் தோத்தது. இந்த முறையும் தோத்தால் போச்சு.

ரெண்டாம் ஞாயிறு சினோ கொட்டுது. ராசாவுக்கு வாசிக்கிறவர் ரொறன்ரோவில தொலைக்காட்சி வேலை கிடைச்சு, வரமாட்டன் எண்டு போனில சொல்லிட்டார். ஹெலன் தலையில கை வைச்சிட்டா. அப்ப ஏணியில நிண்டு லைற் பூட்டிக்கொண்டிருந்த சூசை அண்ணை, "நான் செய்யிறன்" எண்டார். அவர் மன்னார்க்காரர். கிழமை நாளில புவாண்ட்-கிளேரில ஒரு வெயர்ஹவுஸில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர், ஞாயிறில எங்களுக்குத் தச்சுவேலையும் லைற் வேலையும். ஊரில மாதா கோயில் கூத்தில ராசாவா ஆடினவர் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் இது பழைய இங்கிலிஷ் எல்லோ!

தாளை ஒருத்தர் நீட்ட, வேண்டாம் எண்டார். ரெண்டு வருசமா ஏணியில நிண்டு காதால கேட்டே முழுக்கப் பாடமாக்கி வைச்சிருக்கிறார், கள்ளன்! மற்ற நடிகர்மார் கதிரையில இருந்து வாசிக்கினம். கூத்தில ராசாவுக்கு வரவு எண்டு ஒண்டு இருக்கு, சும்மா நடந்து வரமாட்டார். இவர் வேலைச் சப்பாத்தோட மேடையை மூண்டு சுத்துச் சுத்தி, நெஞ்சை நிமித்தி, முதல் வரியை எடுத்தார் பாருங்கோ, கடைசி வரிசையில நித்திரையா இருந்தவர் எழும்பி இருந்தார். கதவிடுக்கால பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. ராசா நாடகம் வெண்டால் ராசா நீதான் எண்டு ஹெலன் அதிலயே வாக்குக் குடுத்திட்டா. பிறகு என்னட்ட வந்து மெல்லமாச் சொன்னா: "இந்த மனிசனை இவ்வளவு நாளும் ஏணியிலயா வைச்சிருந்தனான்?"

நான் வோட்டுக் கேக்கேல்லை

வேலைக்காரர் ஒருத்தரும் வோட்டுக் கேக்கக்கூடாது, அது சட்டம். நான் கேக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரம் எங்கட தேவாலயத்தில பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க, "சூசை அண்ணை வாற ஞாயிறு ராசாவா வாறார்" எண்டு ரோஸ்மேரி அக்காவுக்குச் சொன்னனான், அவ்வளவுதான். கோயில் மாதர் சங்கத் தலைவிக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். அதுக்குத்தான் சொன்னனான்.

மூண்டாம் ஞாயிறு ஒரு பஸ் நிறைய நாப்பது பேர். கூட்டமா வாறவைக்கு ரோசா நிற ரிக்கெற், மற்றவைக்கு வெள்ளை. ராசா சாகமுதல் முழங்காலில நிண்டு செபம் சொல்லுற இடம் வந்துது. எங்கட சனம் என்ன செய்யும்? நாப்பது பேரும் எழும்பிச் சிலுவை போட்டு, ஒரே குரலில "ஆமென்!" வெள்ளைக்காரரும் அதுதான் முறையாக்கும் எண்டு முழு ஹோலும் எழும்பிட்டுது. நான் வெக்கத்தில ஜன்னலைச் சாத்திப்போட்டு இருந்தன். வெளியில வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஜன்னலைத் தட்டித் திறப்பிச்சா. "அந்த ஆமென் நாடகத்தில எழுதியிருக்கோ? இல்லாட்டில் இண்டைக்கே எழுதிப்போடுங்கோ!"

ரோசா நிறம்

எண்ணுற நேரம் கொலின் வந்து பக்கத்தில நிண்டார். தியேட்டர்க் கமிட்டிக்காரர், பொறுமையும் அடக்கமும் நாடகத்தின்ர ஆள். அவரிட்ட ரெண்டும் இல்லை. ஒரு கூட்டமே பஸ்ஸில வந்து வோட்டுப் போட்டிருக்கு, ரோசா ரிக்கெற்றைப் பிறிம்பா, தனியா வைச்சு எண்ணவேணும் எண்டார். என்ர வாயாலதான் சூசை அண்ணையின்ர கிரீடம் போகப்போகுது எண்டு நினைச்சு அழுகையே வந்திட்டுது.

ராசாவின்ர பெட்டியைத் திறந்தம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. இடையில ரோசா ஆறே ஆறு. மிச்ச ரோசா முழுக்க மாவரைக்கிறவன்ர பெண்சாதியின்ர பெட்டிக்குள்ள! எல்லாத்தையும் சேத்து எண்ண ராசாவுக்குப் பதினொரு வோட்டுக் கூட. ரோசாவைக் கழிச்சால் இன்னும் எவ்வளவோ கூட. கொலின் தொப்பியைப் போட்டுக்கொண்டு போயிட்டார். ஹெலன் என்னைத் தூக்கிச் சுத்தினா, நான் எழுபது கிலோ. உடனே ரோஸ்மேரி அக்காவுக்குப் போன் எடுத்து, இப்பிடியும் செய்வியளோ எண்டு ஏசினன். மனிசி அசையேல்லை. "சூசையை நாங்கள் கிழமைக்குக் கிழமை கோயிலில பாக்கிறம், பிள்ளை. அந்த வாய்க்காரியை இனி எங்க பாக்கிறது?"

கிரீடம்

ஐப்பசியில முதல் நாள், ஒரு கதிரை மிச்சமில்லை. அண்டைக்கு மட்டும் ஜன்னலைப் பூட்டிப்போட்டு நானும் உள்ள போய் நிண்டன். ராசா செத்து விழுந்தார். பிறகு எல்லாரும் எழும்பி நிண்டு தட்டின தட்டு நிக்கவேயில்லை. வெக்கமில்லாமல் விக்கி விக்கி அழுதன். திரை விழுந்தாப்பிறகு பின்னால ஓடிப்போய்ப் பாத்தால், ஆள் கிரீடத்தைக் கழட்டாமல் ஒரு பெட்டிக்கு மேல இருக்கிறார். கண் ரெண்டும் சிவந்துபோய்க் கிடக்கு. என்னைக் கண்டதும் சிரிச்சார். "தங்கச்சி, நாளைக்கு விடிய ஏழுக்கு வெயர்ஹவுஸில நிக்கவேணும், இதைக் கழட்டத்தான் மனம் வருகுதில்லை."

நாப்பது பேரைப் பஸ் பிடிச்சுக் கூட்டிவந்து, அவையளின்ர வோட்டையும் தாண்டி ஒரு தேர்தலை வெண்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பன்.