கரமனையில் எனக்கு வந்தது பொன்னுக்கு வீங்கி அல்ல

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும். வழக்குக்கோ வைத்தியத்துக்கோ திருவனந்தபுரம் போய் உறவினர் வீட்டில் தங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் நாகர்கோவிலில் வக்கீல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஓர் ஆடி மாதம், ஹைக்கோர்ட்டில் என் முதல் அப்பீல் விசாரணைக்கு வந்தது. காலை மோட்டார் பஸ்ஸில் புறப்பட்டேன். நாற்பது மைல். தக்கலை தாண்டும்போதே எச்சில் விழுங்க வலித்தது. நெய்யாற்றின்கரையில் வாங்கிய காப்பியைப் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

கரமனைப் பாலத்தருகே இறங்கினால் அக்கா வீட்டு அக்ரகாரம் நடக்கிற தூரம்தான். மறுநாள் என் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. அக்காவின் கணவர், என் அத்திம்பேர், சர்க்கார் உத்தியோகஸ்தர், பார்த்தவுடன் தீர்ப்புச் சொன்னார்.

"பொன்னுக்கு வீங்கி. பொன்னைப் போட்டா வத்திடும்."

தம் பெண்ணின் கல்யாணத்துக்குச் செய்து வைத்திருந்த சங்கிலியை என் கழுத்தில் போட்டார். அந்தத் தெருவுக்கு வழக்கமாக வரும் டாக்டரும் காதுக்குக் கீழே அமுக்கிப் பார்த்து அதையே சொன்னார். அம்மை வகையாம், மருந்து கூடாதாம்.

"வாயைத் திறக்காம கிடங்கோ, வக்கீல் சார். ஹைக்கோர்ட்டு எங்கேயும் ஓடிப்போகாது."

"வக்கீல் வாயை மூடறதுக்குன்னே பகவான் அனுப்பின வியாதியாக்கும்" என்று சிரித்தார் அத்திம்பேர்.

மூன்றாம் நாள் தண்ணீரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அத்திம்பேருக்குச் சைகை காட்டினேன்.

"சங்கிலியைக் கழட்டப்படாது, வீக்கம் மார்புக்கு இறங்கிடும். அதைப் போட்டுண்டு தெருவிலேயும் போகப்படாது. பத்துப் பவன், கேட்டோ."

இப்படி ஒரு வாதத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை.

அவர் ஆபீசுக்குப் போனதும் கண்ணாடியை ஜன்னலோரம் பிடித்து, வலியோடு வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையைச் சாம்பல் நிறத் தோல் ஒன்று மூடியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சங்கிலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, குதிரைவண்டி பிடித்து என்னோடு வந்தாள்.

"இத்தனை நாள் ஆரும் வாய் திறந்து நோக்கல்லியோ?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவளிடம் கேட்டார்.

டிப்தீரியா. ஊசி போட்டார்கள், பிழைத்தேன். ஆனால் அண்ணம் செயலிழந்து, குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. குரல் முழுதாகத் திரும்பவேயில்லை. அப்பீலை வேறொருவர் நடத்தித் தோற்றார். அடுத்த வழக்கில் நான் எழுந்து பேசியபோது நீதிபதி மறுபடி மறுபடி "என்ன?" என்றார். அதற்குப்பின் நான் எழுந்திருக்கவில்லை. பிறர் வாதாடுவதற்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

"சங்கிலியை மட்டும் கழட்டாம இருந்திருந்தா அவன் குரல் போயிருக்காது" என்று அத்திம்பேர் இன்றும் கல்யாண வீடுகளில் சொல்கிறார். கழற்றியவள் பந்தியில் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்கிறாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது: பஸ் சௌகரியம்தான், மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே புறப்படுங்கள். தொண்டை வலித்தால் உறவினர் வீட்டுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் போதாது. வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்கிறவர் வேண்டும்.

கீழே என் பெயரை எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பெயர் இருந்தால் அத்திம்பேர் யாரென்று கரமனை முழுக்கத் தெரிந்துவிடும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு அவர் திரும்பி வருகிற வீட்டில் இருக்கப்போவது அக்கா. பெயரில்லாமலே பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.