ஒரு ஓட்டை கீழே

ஹனெகாவா தொஷிரோ திருகுகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் பேசுவார். ஜனவரி நான்காம் தேதி காலையிலும் அப்படித்தான். வாயில் இரண்டு திருகுகள், மேசைமேல் அவருடைய பனிச்சறுக்குப் பலகை, மேசைக்கு அந்தப் பக்கம் மகள் மிஹோ. பலகையில் காலுக்கொன்றாக இரண்டு பிணைப்புகள். ஒவ்வொன்றிலும் கணுக்காலுக்கு ஒரு பட்டை, விரல்களுக்கு ஒரு பட்டை. இடது காலை அவர் எடுத்துக்கொண்டு வலது காலை அவளிடம் தள்ளினார். இந்தக் குளிரில் வலது கணுக்கால் குடைகிறதாம். பட்டை மேலே ஏறி அழுத்துகிறதாம்.

“ஒரு ஓட்டை கீழ இறக்கு,” என்றார். உதட்டில் திருகு அசையவில்லை.

இறக்கினாள். நகோயாவில் கார் பிரேக் செய்யும் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருடம். எவ்வளவு முறுக்கினோம் என்று எண் காட்டும் திருப்புளியை ஊருக்கு வரும்போதும் பையில் போட்டுக்கொண்டுதான் வருவாள். நான்கு நிமிட வேலை. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அதற்கு எட்டாம் நாள் அவர் இறந்தார்.

கிதாமோரி மலையூரில், சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் முதல் லிஃப்ட்டுக்கு நேர் எதிரே அவர் கடை. கீழே கடை, மேலே வீடு. மிஹோவின் அம்மா பிரிந்துபோய் இருபது வருடமாகிறது. அதன்பிறகு மாடியில் ஒரு அறையில்தான் அவர் விளக்குப் போடுவார். வாடகைக்கு விடும் பலகைகள் நூற்றிருபது. டிசம்பர் முதல் மார்ச் வரை அத்தனை பலகையின் பட்டைகளும் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும்.

பட்டை தேர்ந்தெடுப்பதில் அவர் கண்ணைவிடக் காதை நம்பினார். பட்டையின் பல் வைத்த நாடாவைக் காதோரம் பிடித்து மெல்ல வளைப்பார். உள்ளே முடியளவு விரிசல் இருந்தாலும் சத்தம் வரும் என்பார். மிஹோவுக்கு ஒருநாளும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. அவர் குப்பையில் எறிந்த நாடாக்களை ஒருமுறை நகோயாவுக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஏழில் ஆறில் விரிசல் இருந்தது. அவரிடம் சொன்னபோது, “அந்த ஏழாவதை நல்லாப் பாரு,” என்றார்.

டோக்கியோவிலிருந்து வரும் இளவட்டங்கள் நிறம் கேட்பார்கள். பூட்ஸுக்குப் பொருத்தமாகப் பச்சை இருக்கிறதா, கறுப்பு இருக்கிறதா என்று. “பனி கலர் பாக்காது,” என்பார். இன்னும் அடம்பிடித்தால், “காசு குடுக்கறதும் நீ, தொங்கப்போறதும் நீ. உன் இஷ்டம்.” அதற்குமேல் யாரும் பச்சை கேட்டதில்லை.

பட்டையைப் பொருத்தியபிறகுதான் அவருடைய விசித்திரம் தொடங்கும். வாடிக்கையாளரைப் பலகையோடு கடைத்தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார். இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். கம்பளிக் கையுறை போட வேண்டும். கண்ணை மூட வேண்டும். அந்த நிலையில், பலகையில் பின்னால் நிற்கும் காலின் பட்டைகளைத் தடவிக் கழற்ற வேண்டும். அவர் நிதானமாக இருபது எண்ணுவார். முடியாவிட்டால் ஆளைத் திட்டமாட்டார். பட்டையை மாற்றுவார், பக்கிள் வரும் இடத்தை மாற்றுவார், மறுபடி படுக்க வைப்பார். சில பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். ஒரு வங்கி மேலாளர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். தொஷிரோ அவர் பின்னாலேயே போய், அந்தக் கடைத்தரையில் அவரைப் படுக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

காரணத்தை மிஹோவிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். காட்டுச்சரிவில் ஊசியிலை மரங்களின் அடியில், கிளை பனியைத் தடுப்பதால், மரத்தைச் சுற்றிப் பள்ளம் விழும். மேலே மெல்லிய பனி மூடியிருக்கும். அருகே போகிறவன் தலைகீழாக உள்ளே விழுவான். பலகை கிளையில் மாட்டிக்கொள்ளும். அசைந்தால் பனி சரிந்து வாயை அடைக்கும். பட்டையைக் கழற்ற முடிந்தவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இருபத்தாறு வருடத்துக்கு முன் அப்படிச் செத்துப்போனவருக்கு அன்று காலை பட்டை போட்டுவிட்டவர் தொஷிரோ. அந்தப் பலகையை அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பட்டை கழன்றதா, கழற்ற வராமல் போனதா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர் ஒரு பயந்த மனிதர். அதை மறைக்கவும் மாட்டார். நாலு மணிக்கு ஜன்னலோரம் வந்து நின்று திரும்பிவரும் பலகைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால் தேநீர் இறங்காது. மலைக்குப் போனாலும் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த அகலப் பாதையை விட்டு ஒரு சாண் விலகமாட்டார். மலைமீட்புப் படையின் சவகுச்சி, இவரைவிடப் பதினைந்து வயது இளையவர், கேலி செய்வார். “தொஷி சான், உங்களை ஆமை முந்திக்கிட்டுப் போகுது.”

“ஆமைக்கு ஓடு இருக்கு. எனக்கு என்னடா இருக்கு?”

நான்காம் தேதி, வேலை முடிந்ததும் தொஷிரோ தரையைப் பார்த்தார். “ஒரு தடவை படுத்துப் பாத்துடட்டுமா?” என்று கேட்டார்.

மிஹோ திருப்புளியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். “நான் கையெழுத்துப் போட்ட பிரேக்குல நாலு லட்சம் வண்டி ஓடுதுப்பா. நம்பிக்கை இல்லைன்னா நேரா சொல்லிடுங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நம்பிக்கை இல்லை என்று நேராகச் சொன்னது கிடையாது. அவர் உதட்டிலிருந்து திருகுகளை எடுத்து டப்பாவில் போட்டார். “சரிங்க இன்ஜினியரம்மா,” என்று கெட்டிலை அடுப்பில் வைத்தார். மறுநாள் அவள் ரயிலேறினாள்.

பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்தேகாலுக்கு ஆலைக்குத் தொலைபேசி வந்தது. மூன்றாம் லிஃப்ட்டுக்குப் போகும் வழியில், காட்டுச்சரிவில், மரத்தடிப் பள்ளம். தலைகீழாக. தனியாக. பாதையைவிட்டு ஒரு சாண் விலகாத மனிதர் எதற்குக் காட்டுக்குள் போனார் என்று ஊரே கேட்டது.

மிஹோவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அவள் கேள்வி வேறு. கணுக்கால் பட்டையை ஒரு ஓட்டை கீழே இறக்கினால் அது வெளிப்பக்கம் சரியும். அதைச் சரிக்கட்ட உள்பக்கத்தில் பட்டையின் நீளத்தை ஒரு ஓட்டை குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் பக்கிள் தாழ்ந்துபோய் பூட்ஸின் ஓரத்தில் புதைந்துவிடும். நின்றுகொண்டு, கண்ணால் பார்த்துக் கழற்றுகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. தலைகீழாகத் தொங்குகிறவனின் கம்பளி விரல் அதற்கடியில் நுழையாது.

நீளத்தைக் குறைத்தேனா?

ஆலையில் என்றால் அதற்கு ஒரு தாள் இருக்கும். தாளில் ஒரு கட்டம், கட்டத்தில் அவள் போட்ட குறி. இங்கே தாள் இல்லை. கெட்டிலின் சத்தம் நினைவிருந்தது. அப்பாவின் ஸ்வெட்டரில் பிரிந்து தொங்கிய நூல் நினைவிருந்தது. உள்பக்கத் திருகை அவள் தொட்டாளா என்பது மட்டும் நினைவில் இல்லை. நினைக்க நினைக்க, தொட்டதுபோலவும் இருந்தது, தொடாததுபோலவும் இருந்தது. நூறு தடவை நினைத்தபின் எது நினைவு, எது ஆசை என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

தகனம் முடிந்த மறுநாளே சவகுச்சி பலகையை நீலத் தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்து கடைக்குள் சாத்திவைத்துவிட்டுப் போனார். கூடவே, அப்பா உடம்பிலிருந்து எடுத்த பொருட்களைப் போட்ட காகித உறை. மிஹோ விடுப்பை நீட்டினாள். கடைக்குள் நுழையாமல் பின்படி வழியாகவே மாடிக்கு ஏறி இறங்கினாள். கூரையிலிருந்து பனி தொப்பென்று விழும்போதெல்லாம், கீழே தார்ப்பாய் சரிந்து பலகை தானாகத் திறந்துகொண்டதோ என்று படியில் நின்று காது கொடுத்தாள். எந்தப் பழுதான பிரேக்கையும் அன்றே பிரித்துப் பார்த்துவிடுகிறவள் அவள். இதைப் பிரித்தால் தெரிந்துவிடும். இருபத்தாறு வருடம் தெரியாமலே இருந்த அப்பா ஒருவிதத்தில் கொடுத்துவைத்தவரோ என்றுகூட ஒரு காலையில் தோன்றியது. அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஜனவரி முப்பத்தொன்று, மதியம், சவகுச்சி வந்தார். நாளைக்கு விபத்து அறிக்கையை அனுப்ப வேண்டும், பிணைப்பைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்றார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“நான் பிரிக்கட்டுமா மிஹோ?”

“வேணாம் அண்ணா. நீங்க பக்கத்துல நில்லுங்க. அது போதும்.”

கடைக்குள் பனிக்கட்டிக் குளிர். தார்ப்பாயின் கயிறு மூன்றாம் முயற்சியில்தான் அவிழ்ந்தது. பலகையை மேசைமேல் படுக்க வைத்தாள். வெளிப்பக்கம்: பட்டை கீழ் ஓட்டையில். அவள் இறக்கியபடியே. டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்பக்கம் குனிந்தாள். மூச்சு மூக்குக்கண்ணாடியில் படிந்தது. துடைத்தாள். மறுபடி குனிந்தாள்.

ஒரு ஓட்டை குறைந்திருந்தது. பட்டையின் மெத்தைப் பகுதி நேர் நடுவில் நின்றது. பக்கிள் மேலே, எந்தக் கையுறைக்கும் எட்டும் இடத்தில்.

குறைத்திருக்கிறேன் என்று ஒரு நொடி பாரம் இறங்கியது. அடுத்த நொடியே டார்ச்சை இன்னும் நெருக்கினாள். திருகின் தலையில் பிறை வடிவில் ஒரு சிராய்ப்பு. அவளுடைய திருப்புளி சிராய்க்காது, புதிது. அப்பாவின் திருப்புளிக்கு முனை உடைந்து வருடக்கணக்காகிறது. அவர் முறுக்கிய திருகு ஒவ்வொன்றிலும் அந்தப் பிறை இருக்கும். வெளிப்பக்கம், அவள் முறுக்கிய திருகைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

அப்படியானால் அவள் மறந்துதான் போயிருந்தாள். அவள் ரயிலேறியபின் அவர் கடைக்கதவைச் சாத்திவிட்டு, அறுபத்துமூன்று வயதில், பலகையோடு தரையில் மல்லாந்து, காலைச் சுவரில் தூக்கி, கையுறை மாட்டி, கண்ணை மூடியிருக்கிறார். இருபதுக்குள் வரவில்லை. எழுந்து சரிசெய்திருக்கிறார். அன்று இரவு தொலைபேசியில் அவர் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது: வலது கால் சொகுசா இருக்கு, நல்லாப் பண்ணியிருக்கே.

“வலது கால் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். இத்தனை நாளும் யாரிடமும் கேட்காதது.

சவகுச்சி தொப்பியைக் கழற்றினார். “வெளியில இருந்துச்சும்மா. ரெண்டு பட்டையும் தொறந்திருந்துச்சு. இடது காலும் பாதி கழட்டிட்டாரு. அதுக்குள்ள கிளையில இருந்த பனி மொத்தமும் மேல வந்துடுச்சு. பட்டையில ஒரு குறையும் இல்ல. எங்களால அவ்வளவு சீக்கிரம் கழட்டியிருக்க முடியாது.”

மிஹோ முக்காலியில் உட்கார்ந்தாள். சவகுச்சி அறிக்கைக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்தபின், பொருட்களையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகித உறையைத் தயக்கத்தோடு நகர்த்தினார்.

கடைச்சாவி. கைக்குட்டை. பாதி தின்ற இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம். அடியில், பெண்கள் அளவில் புதிய விரல் பட்டை ஒன்று. அதைச் சுற்றி ஒட்டிய காகித நாடாவில் அப்பாவின் சாய்ந்த எழுத்து: குரியமா, இடது கால், இன்றைக்கே.

குரியமா, மலையின் பாதியில் தொடங்கும் மூன்றாம் லிஃப்ட்டின் அடிக்குடிசையில் வேலை பார்க்கும் அம்மாள். லிஃப்ட் நின்றபின் தன் பலகையில் சறுக்கித்தான் வீட்டுக்கு இறங்குவார்.

சவகுச்சி அந்த எழுத்தைப் படித்தார். நீளமாக மூச்சு விட்டார். அன்றைக்குக் காற்று அடித்ததால் அகலப் பாதையின் மேட்டுப் பகுதியை மூடியிருந்தோம், அந்தக் குடிசைக்கு மரங்களுக்குள்ளே போவதைத் தவிர வழியில்லை என்றார். காலையில் குரியமாவின் பட்டை பாதி வெடித்திருக்கிறது. தொஷிரோவிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அதில் இறங்கவேண்டாம் என்று தொஷிரோ சொல்ல, பாதிதானே, தாங்கும் என்று குரியமா சிரித்திருக்கிறார். இவ்வளவும் நேற்றுத்தான் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்ததாம். பதினெட்டு நாளாக யாரோடும் பேசாமல் இருந்தாராம். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வந்தேன்,” என்றார்.

“இப்ப எப்படி எறங்கறாங்க?”

“கயிறு வச்சுக் கட்டிக்கிட்டு. புதுசு போட்டுக்கங்கன்னா, எனக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க.”

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐந்து. லிஃப்ட் எப்போது நிற்கும் என்று மிஹோ கேட்டாள். மூன்றரை என்றார். அவள் எழுந்தாள்.

“போன் பண்ணுங்க அண்ணா. நான் வர்றவரைக்கும் எறங்க வேணாம்னு சொல்லுங்க. சிரிச்சாங்கன்னா, நான் அதட்டினதாச் சொல்லுங்க.”

குளிரில் அந்தப் பட்டை கல்போல விறைத்திருந்தது. அப்படியே கொண்டுபோய் வளைத்தால் வெடித்துவிடும். மிஹோ ஸ்வெட்டரைத் தூக்கி, உள்சட்டைக்கும் அடியில், வெறும் வயிற்றோடு அதை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.