பாலம் தாண்டும்வரை டிரைவர்

விருத்தாசலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த எனக்குக் கல்யாண வேலை இல்லாத மாதங்களில் பீங்கான் கம்பெனிகள்தான் சோறு போட்டன. கோப்பை, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று வரிசையாக வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பேன். கோப்பை நகராது, கண் சிமிட்டாது, 'நான் இவ்வளவு கறுப்பா?' என்று சண்டைக்கும் வராது. அப்படியே பழகிப்போனவனை ஓடுகிற ரயிலைப் படம் எடுக்கச் சொன்னார் என் அக்கா வீட்டுக்காரர். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

மாமா பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டார் 'மாப்பிள்ளை ரயில்வேயில் டிரைவர்' என்று சொல்லியிருந்தார்கள். நிஜத்தில் ஃபயர்மேன். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. கல்யாணமான முதல் வாரமே அவர் சட்டையைத் துவைக்கப் போட்ட அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அவரை டிரைவரே என்று கூப்பிட ஆரம்பித்தாள். "டிரைவரே, சோறு ஆறுது." பிறகு டீசல் வந்தது, மாமா உதவி டிரைவர் ஆனார். 'உதவி' என்ற சொல் கிடைத்தால் அக்கா சும்மா விடுவாளா? மாமா சிரித்துக்கொண்டேதான் சாப்பிடுவார். ஆனால் வருஷத்துக்கு வருஷம் அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டு வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்காகப் பழைய நீராவி எஞ்சின் பூட்டிய ரயில் ஒன்று எங்கள் பக்கம் வருவதாக ஏற்பாடு. கரி அள்ளத் தெரிந்த ஆள் வேண்டுமென்று மாமாவைக் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த டிரைவரிடம் மாமா கெஞ்சிக் கூத்தாடி ஒரு வரம் வாங்கினார். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துதான் போகும். அந்த நேரம் மட்டும் அவர் டிரைவர் சீட்டில் உட்காரலாம்.

"தம்பி, ஒரே ஒரு போட்டோ. நான் சீட்ல குந்திக்கினு இருக்கறது தெரியணும். உங்கக்கா வாய அடைக்கணும்."

"அதுக்கு ஒரு போட்டோ போதுமா மாமா?"

"கலர்ல எடு," என்றார்.

பெண்ணாடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் இருந்தது. பாலத்தின் நிழல்கூட அழகாகத்தான் விழுந்திருந்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியதுதான் தாமதம், பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து, பாலத்துக்கு முதுகைக் காட்டி, என் முன்னால் இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். கேமராவும் ஆளும் வந்திருந்தால் அது குரூப் போட்டோவுக்குத்தான். அதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

"ரயிலத்தாங்க எடுக்க வந்திருக்கேன்," என்றேன்.

"ரயிலு தெனம்தான் போவுது," என்றார் முன்வரிசை அம்மா. "போட்டோகிராபரு எங்க வராரு?"

நியாயம்தான். எடுத்தேன். ஆளுக்கொரு பிரதி தருவதாகச் சத்தியம் செய்தபிறகுதான் விலகினார்கள்.

அதற்குள் ஊதல் சத்தம் கேட்டுவிட்டது. கரும்புகை தெரிந்தது, எஞ்சின் மெல்லப் பாலத்தில் ஏறியது. பெரிய லென்ஸ் வழியே டிரைவர் சீட்டைத் தேடினேன். அதில் பழம் போலச் சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து, கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாமா. போட்டோவுக்கென்று வெள்ளைச் சட்டை, முகத்தில் அப்பிய பவுடர், கையில் கரி அள்ளும் ஷவல்.

அடப்பாவி மனுஷா, ஊரெல்லாம் சுற்றிப் பார்க்கிறாயே, இந்த ஒரு பாலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா? விரல் மட்டும் பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டது.

மறுநாள் மாமா வந்தார். "வெள்ளக்காரரு ஆசப்பட்டு கேட்டாராம். டிரைவரு என்ன பண்ணுவாரு, பாவம்," என்றார். "அந்தப் படத்தக் கழுவாத தம்பி. கெடந்துட்டுப் போவுது."

கழுவாமல் எப்படி? அதே ரோலில்தான் கரும்புக்காரர்கள் இருந்தார்கள். படங்கள் வந்த அன்றைக்குப் பார்த்து, மார்க்கெட்டுக்கு வந்த அக்காவும் மாமாவும் பையோடு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். மேஜைமேல் இருந்த கவரை நான் எடுப்பதற்குள் அக்கா பிரித்துவிட்டாள். மாமா சுவரில் மாட்டியிருந்த யாருடைய கல்யாணப் படத்தையோ பார்க்க ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரரை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. எஞ்சினில் அடுப்புக் கதவு திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மாமா பல்லைக் கடித்துக் குனிந்திருந்தார். முகத்துப் பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது.

"இவ்ளோ நெருப்புகிட்டயா நிப்பாரு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்பல்லாம் தெனமுமா?"

"தெனமும்தான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமாவின் பக்கம் திரும்பினாள். "இதத்தான் செய்யறேன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க? நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?"

மாமா கல்யாணப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கப்பா சொல்லியிருப்பாரு," என்றார்.