அசெம்பிளி வேகத்தில் ஒரு சங்கீதம்

போன வாரம் ஒரு நர்ஸ் என்னை அதட்டினாள். சங்கீதம் சொன்னதற்காக!

நண்பர்களே, இந்த மெயில் லிஸ்ட்டில் இதுவரை ரெசிபி கேட்டும் விசா சந்தேகம் கேட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்று வேறு விஷயம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் பையன் பத்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான். (இதில் அவன் அப்பாவைப் போல இல்லை. அவர் எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை.)

ஏழு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இப்போது எடை பரவாயில்லை, பாலும் குடிக்கிறான். பிரச்சினை ஒன்றுதான். திடீரென்று மூச்சு விட மறந்துவிடுகிறான்.

உடனே அலாரம் அடிக்கும். நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டுவாள். ஏதோ ஞாபகம் வந்தவன் போல மறுபடி மூச்சு விடுவான். அந்தச் சில நொடிகளில் நான் செத்துப் பிழைப்பேன்.

ஐந்து நாள் தொடர்ந்து அலாரம் அடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடுவில் ஒரு தடவை அடித்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு முறை மூன்று வரை போய்த் திரும்பிவிட்டோம்.

என் கணவர் செந்தில் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போய்விடுவார். வெஸ்ட் வின்ட்சரிலிருந்து நான் தனியாக டிரைவ் பண்ணி ஆஸ்பத்திரிக்கு வருவேன். ரூட் ஒன்னில் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரே கேள்விதான். இப்போது அடித்திருக்குமோ? ஆபீஸில் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை, டெட்லைன் என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஓடியதால்தான் இப்படி ஆயிற்றோ? டாக்டர் அதெல்லாம் காரணமில்லை என்றார். நான் நம்பவில்லை.

டோனா என்று ஒரு நர்ஸ். அவனுக்கு உன் குரல் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசு என்றாள்.

என்ன பேசுவது? பாட்டு எனக்கு வராது. ஈரோட்டிலிருந்து அத்தை (செந்திலின் அம்மா) முருகன் மேல் ஏதாவது சொல்லச் சொன்னார். அதில் எனக்கு நாலு வரிக்கு மேல் தெரியாது.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பாளையங்கோட்டையில் மிஷன் ஸ்கூலில் படித்தபோது காலை அசெம்பிளியில் சொன்ன, பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதம். நெற்றியில் விபூதியோடு நின்று ஏழு வருஷம் சொல்லியிருக்கிறேன்.

அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், அதற்கென்று ஒரு வேகம் உண்டு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நானூறு பெண்கள், கமா ஃபுல்ஸ்டாப் எதுவும் கிடையாது. முதல் வரியில் மேய்ப்பர் வந்தது தெரிவதற்குள் புல்வெளியும் தண்ணீரும் தாண்டிப் போயிருக்கும்.

பையன் காதருகே குனிந்து அதே வேகத்தில் ஆரம்பித்தேன்.

மானிட்டரில் தொண்ணூற்றாறு இருந்த ஆக்ஸிஜன் தொண்ணூறு ஆனது. பிறகு எண்பத்தேழு. அலாரம்.

டோனா ஓடிவந்து காலைச் சுண்டினாள். அவன் மூச்சு விட்டதும் என் பக்கம் திரும்பினாள். "ஸ்லோ டவுன், ஹனி!" ஏலம் விடுகிறவள் மாதிரி கத்தினால் அவன் மிரளாமல் என்ன செய்வான், முதலில் நீ மூச்சு விடு என்றாள்.

மறுபடி பூஜ்யம். இந்த முறை என்னால். ரெஸ்ட்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் மெதுவாகச் சொல்லப் பார்த்தேன். மறந்துபோகிறது! வாய் ஓடினால்தான் அடுத்த வரி வருகிறது. கடைசியில் மனதுக்குள் ஒரு தடவை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வரியாக வெளியே விட்டேன். ஒரு வரி, ஒரு மூச்சு.

அப்படிச் சொன்னபோதுதான் அதில் வரும் இருட்டான பள்ளத்தாக்கு வரி என் காதிலேயே விழுந்தது. பள்ளத்தாக்கே கிடையாது என்று அது சொல்லவில்லை. அதன் வழியாகத்தான் போக வேண்டும், கூட ஒருவர் வருகிறார் என்கிறது. ஏழு வருஷம் அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வாரத்தில் முதல் தடவையாக, நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று தோன்றியது.

அத்தையிடம் மறைக்க மனம் வரவில்லை. ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏங்கண்ணு, அதைச் சொன்னாக் கொளந்த நல்லா மூச்சு விடறானா?"

"விடறான் அத்தை. தூங்கவும் செய்யறான்."

"அப்பறம் என்ன, அதையே சொல்லு. முருகங்கிட்ட நான் பேசிக்கறேன்."

இன்று நான்காம் நாள். இதுவரை அடிக்கவில்லை. (இதை இரண்டு முறை எழுதி அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.)

இப்போது உங்களிடம் ஓர் உதவி. அந்தச் சங்கீதத்தில் ஆறு வசனம். எனக்கு ஐந்துதான் தெரியும். ஐந்தாவது முடியும்போதே வகுப்புக்கு மார்ச் பண்ண டிரம் அடித்துவிடுவார்கள். ஆறாவதை ஏழு வருஷமும் வாயை மட்டும் அசைத்துச் சமாளித்தேன்.

டிரம் இல்லாத மிஷன் ஸ்கூலில் படித்தவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கடைசி வசனத்தை அனுப்புங்கள். தமிழிலேயே வேண்டும், அவனுக்குப் பழகிய சத்தம் அதுதான்.

நாளையும் அடிக்காவிட்டால் கையில் கொடுத்துவிடுவார்கள். செந்தில் ஓட்டுவார், நான் பின்சீட்டில் அவன் பக்கத்தில் இருப்பேன். வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். காரில் மானிட்டர் கிடையாது.

வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மெதுவாகத்தான் சொல்வேன்.